தற்காலிகப் பெண்கள் அறை

கலெக்டர் ஆபீஸிலிருந்து என் பெயருக்கு உத்தரவு வந்த அன்று, ஊரில் முதலில் பரவிய செய்தி என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதுதான். காகிதத்தைக் கொண்டுவந்த சேவகன் கிணற்றடியில் தண்ணீர் கேட்டு நின்றபோது, "உங்க கவுண்டச்சியெ ஜெயிலுக்கு வரச்சொல்லிக் காயிதமுங்க" என்று சொல்லிவிட்டான். அரை நாழிகைக்குள் என் நாத்தனார் கண்ணாத்தாள் அழுதுகொண்டு வந்துவிட்டாள்.

என் கணவர் சிரித்தார். "கதர் கட்டுனவங்கெல்லாம் போயிட்டு வந்துட்டாங்க. இனிப் பட்டுச்சீலைக்காரங்க முறையாட்டம் இருக்குது."

உத்தரவில் இருந்தது வேறு. தாலுக்கா சப்-ஜெயிலுக்கு நான் உத்தியோகஸ்தரல்லாத விசிட்டராக நியமிக்கப்பட்டிருந்தேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கைதிகளிடம் குறை கேட்கலாம். அங்கேயுள்ள விசிட்டர் புஸ்தகத்தில் அபிப்பிராயம் எழுதலாம். பெண்ணொருத்தியும் இருக்க வேண்டும் என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்கள் தாலுக்காவில் எழுதப் படிக்கத் தெரிந்த, சவாரி வண்டி வைத்திருக்கிற, வெளியே போனால் புருஷன் கோபித்துக்கொள்ளாத பெண் என்று தேடி என்னிடம் வந்து நின்றிருப்பார்கள். அப்போது அதை நான் அப்படி நினைக்கவில்லை. "ஸ்ரீமதி தெய்வநாயகி அம்மாள்" என்று டைப் அடித்திருந்த இடத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறு வருஷம் அது. கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். காடுகளிலும் ஓடைகளிலும் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடித்துவந்து அடைத்தார்கள். தாலுக்கா ஆபீஸின் பின்புறம் இருந்த சப்-ஜெயிலில் ஆண்களுக்கு இரண்டு அறை, பெண்களுக்கு ஒன்று. எட்டு ஆண்களுக்காகக் கட்டியதில் பதினேழு பேர் இருந்தார்கள். பெண் கைதி வந்தால் மட்டும் தினக்கூலிக்குச் சாலம்மாள் என்ற விதவை வார்டராக வருவாள். மற்ற நாட்களில் சந்தையில் கீரை விற்பாள்.

தை மாதத்தில் முதல் தடவை போனேன். ஜெயில் குமாஸ்தா தீர்த்தகிரி எனக்கு முன்னால் நடந்தார். மெலிந்த மனிதர், கோட்டுப் பையில் இரண்டு பேனா, எதைச் சொன்னாலும் அதற்கு விதி நம்பர் சொல்வார். ஒவ்வொரு அறைக்கு முன்னும் நின்று, "எல்லாரும் எந்திரிங்க. விசிட்டர் அம்மா வந்திருக்காங்க. குறை இருந்தாச் சொல்லலாம்" என்றார். எல்லாரும் எழுந்தார்கள். எல்லாரும், "ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். பெண்கள் அறை அன்று காலியாக இருந்தது. புஸ்தகத்தில், "கைதிகள் திருப்தியாக இருக்கிறார்கள். குறை ஒன்றுமில்லை" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மை உலரும்வரை ஊதினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், "எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. பதினேழு பேர் நெருக்கியடித்து நின்றதைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். அவர்கள் சொல்லாததால் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

பங்குனியில் குமாஸ்தா ஆள் அனுப்பினார். பெண் கைதி ஒருத்தி குழம்பைத் தொடமாட்டேன் என்கிறாள், கைக்குழந்தைக்காரி, தாங்கள் வந்து புத்தி சொன்னால் நல்லது.

போனேன். குமாஸ்தா வாசலிலேயே ஆரம்பித்தார். "ஆராயின்னு பேருங்க. ஊட்டுக்குப் பின்னால சாராயப் பானை இருந்துது. புருஷன் மாரியப்பன் ஓடிப்போயிட்டான், இவ ஆப்பட்டுக்கிட்டா. எட்டு மாசக் கொழந்தெ இருக்குது. களியெத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிறாளுங்க. குழம்பு மட்டும் ஆகாதாம். கொண்டுக்கிட்டே வராதேங்கிறாளாம். பட்டினி கிட்டினின்னு ஆரம்பிச்சா நான் மேலே எழுதிப்போட வேண்டியதுதான்."

"ஜெயில் குழம்பு எப்பிடி இருக்குமோ" என்றேன். அந்த நினைப்பில்தான் வீட்டிலிருந்தே ஒரு தூக்குப்போசி நிறையப் பூண்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தேன். பால் கொடுக்கிறவளுக்கு நல்லது என்று நானே அடுப்படியில் நின்று வைத்தது. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கருவேப்பிலை, இரண்டு வரமிளகாய் போட்டுத் தாளித்து ஊற்றியது. வண்டியில் வரும் வழியெல்லாம் மணந்தது.

பெண்கள் அறையைச் சாலம்மாள் திறந்தாள். உள்ளே வெளிச்சம் குறைவு. ஆராயி மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு. குழந்தை மடியில் முந்தானைக்குள் தூங்கியது.

"குறை ஏதாச்சும் இருந்தாச் சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க பண்ணாடிச்சி" என்றாள், பண்ணைக்கார வீட்டுப் பெண்களை அழைக்கிற முறையில்.

"அப்பொ ஏன் சாப்பிட மாட்டேங்கிறே? பால் வத்திப்போகுமல்ல? இந்தா, எங்கூட்டுல வெச்சது." போசியின் மூடியைத் திறந்தேன்.

மணம் எழுந்த உடனே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையை இழுத்துக் குழந்தையை முழுக்க மூடினாள். "எடுத்துக்கிட்டுப் போயிருங்க. சாமி, உங்களைக் கும்பிடறேன், எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

நான் நிற்கும்போதே சாலம்மாள் பாய்ந்துவந்து போசியை என் கையிலிருந்து வாங்கி, மூடியை அழுத்திப் போட்டு, முற்றத்தைத் தாண்டி வெளி வாசலுக்கே ஓடிவிட்டாள்.

"எங்கூட்டுக் குழம்புன்னா அவ்வளவு எளக்காரமா உனக்கு?" என்றேன். அந்தக் குரல் என் மாமியாருடைய குரல். களத்துமேட்டில் கூலியாட்களிடம் அவர் பேசுகிற குரல். ஆராயி குழந்தையின் மேல் குனிந்துகொண்டாள். நான் புஸ்தகத்தைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

வண்டி நகர்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, கோபத்தில். இன்று யோசித்தால் அந்தக் கோபத்தின் அடி தெரிகிறது. அவள் வயிறு நிறைய வேண்டும் என்று குழம்பு வைத்தது உண்மை. ஆனால் சாப்பிட்டு நிமிர்ந்து அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வையையும் நான் அடுப்படியிலேயே மனதுக்குள் பார்த்து முடித்திருந்தேன். நன்றியை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு போனவளுக்கு அது கிடைக்காமல் போனதுதான் வலித்தது.

ஏரிக்கரை வந்தபோது வண்டியோட்டி வீரன் திரும்பாமலே சொன்னான். "போசி பின்னால இருக்குதுங்க. அந்தச் சாலம்மா குழம்பெப் பள்ளத்துல ஊத்திப்போட்டு, மூணு தண்ணி ஊத்திக் கழுவி, வேப்பந்தழையில துடைச்சுக் கொண்டாந்து வெச்சா. எதுக்குங்க அத்தனெ?"

போசியை எடுத்துப் பார்த்தேன். ஈரம் காயவில்லை. போசியின் காதில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்ததுதான் வெட்கம். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மை போட்டிருக்கிற வீட்டில் தாளிக்கமாட்டார்கள். வீட்டுக்குள் ஆத்தா இறங்கியிருக்கும்போது எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, அந்த வாசனை பட்டால் கொப்புளம் சீறும் என்பார்கள். அவள் ஜெயில் குழம்பைத் தள்ளியது ருசிக்காக அல்ல, அந்த அறைக்குள் தாளித்த வாசனை வரக்கூடாது என்பதற்காக. நானோ ஊரெல்லாம் மணக்க ஒரு போசி நிறையக் கொண்டுபோய் அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேரே திறந்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் மோகனூரில் எங்கள் வீட்டில் அப்படி இருபது நாள் அடுப்பு மணக்காமல் இருந்தது. எனக்கும் என் தம்பிக்கும் சேர்ந்து போட்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் அம்மைத் தடுப்பு ஊசி குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது என் அம்மா எங்கள் இருவரையும் தானியக் குதிருக்குள் இறக்கி மூடி வைத்திருந்தாள். கம்பின் சுணை உடம்பெல்லாம் அரித்ததும், தம்பி சிரித்ததும், அம்மா வெளியே அவரிடம், "கொழந்தைங்க மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க" என்று சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கின்றன. எனக்குக் கன்னத்தில் ஏழெட்டு வடுக்கள் மிஞ்சின. தம்பி மிஞ்சவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முப்பது வருஷம் இருந்தாள்.

"வண்டியெத் திருப்பு வீரா."

குமாஸ்தா மேஜையிலிருந்து எழுந்தார். "ஏதாச்சும் மறந்துட்டீங்களாம்மா?"

"அந்தப் பொம்பளைகிட்ட நான் தனியாப் பேசோணுமுங்க. நீங்க வராண்டாம்."

அவர் திகைத்தார். "விதிப்படி..."

"விசிட்டர் தனியாப் பேசக்கூடாதுன்னு விதி இருக்குதுங்களா?"

கண்ணை மூடி யோசித்தார். புஸ்தகத்தைப் பக்கம் பக்கமாக மனதில் புரட்டுகிறார் என்று தெரிந்தது. "இல்லீங்க" என்றார் கடைசியில், ஆச்சரியத்தோடு. "யாரும் கேட்டதில்லீங்க."

முற்றத்துக் கிணற்றில் சாலம்மாள் சேந்திக் கொடுத்த தண்ணீரில் கை கால் கழுவினேன். செருப்பை வெளியே விட்டேன். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆத்தா வந்து எத்தனெ நாளாச்சு?" என்றேன்.

ஆராயி என்னைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். சாலம்மாளையும் பார்த்தாள்.

"நேத்தோட நாலு நாளுங்க."

முந்தானையை விலக்கினாள். பெண் குழந்தை. நெற்றியிலும் புஜத்திலும் முத்து முத்தாக எழும்பியிருந்தன. உதடு காய்ந்திருந்தது. பாயின் கீழிருந்து வேப்பந்தழை நீட்டிக்கொண்டிருந்தது. சாலம்மாள் தினமும் மடியில் கட்டிக்கொண்டு வந்து விரித்திருக்கிறாள்.

"பேரென்ன?"

"பாவாயிங்க. எங்கம்மா பேரு."

"ஏன் சொல்லல? குமாஸ்தாகிட்டச் சொல்லியிருந்தா டாக்டர் வந்திருப்பாரல்ல?"

"டாக்டர் வந்தாக் கொட்டாய்க்குத் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க." ஏரிக்குப் பின்னால் இருந்த அம்மைக் கொட்டகையைச் சொன்னாள். "போன வருசம் எங்க பக்கத்தூட்டுக் கொழந்தெயெத் தூக்கிட்டுப் போனாங்க. பெத்தவளெ உள்ளெ உடலீங்க. மூணாம் நாள் துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். அவ ஊட்டுலயாச்சும் இருந்தவ. நான் பூட்டுக்குள்ள இருக்கிறவ. என்னெ எப்பிடி உடுவாங்க?" என் காலைத் தொட வந்தாள். "கண்ணுல பட்டதெ வாயில சொல்லீராதீங்க. இன்னும் பத்து நாளு. தண்ணி ஊத்தீட்டாச் செரியாப் போயிரும்."

"நானுந்தான் மறைச்சேன்" என்றாள் சாலம்மாள் வாசலிலிருந்து. "சொல்றதுன்னா என்னெயும் சேத்துச் சொல்லிப்போடுங்க. எனக்கு ஆத்தா வந்து போயாச்சு, பயமில்லெ. கீரைக் கூடை எங்கயும் போயிராது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் அறை. யாரோ இருமினார்கள். இன்னொருவர் அவரைக் கேலி செய்ய, நாலைந்து பேர் சிரித்தார்கள். எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு பேர். நான் "குறை ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொடுத்த பதினேழு பேர். எல்லாருக்கும் ஒரே கிணறு, ஒரே வாளி.

 சொல்லாவிட்டால் நான் இன்னொரு குதிர் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொன்னால் இந்தத் தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கித் தருகிறேன். என் அம்மாவை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கொஞ்சம் புரிந்துகொண்டேன். ஒரு பயத்துக்குப் பயந்து இன்னொன்றைத் தேர்ந்தவள் அவள், வேறொன்றுமில்லை.

"ஆராயி" என்றேன். "நான் சொல்லத்தான் போறேன். ஆனா பாவாயியெத் தனியாக் கொட்டாய்க்கு உடமாட்டேன். நீயும் கூடப் போவே."

அவள் என் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "பெரியூட்டுக்காரங்க பேச்சு" என்றாள் சுவரைப் பார்த்து. அப்புறம் என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு நான்கு குழந்தைகள் என்று பிறகு தெரிந்தது.

"கொழந்தெயெ உடனே கொட்டாய்க்கு அனுப்போணும்."

"தாயோட."

"தாயெ அனுப்ப வழியில்லீங்கம்மா. நோயாளிக் கைதின்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இங்கே நோயாளி கைதியில்லெ, கைதி நோயாளியில்லெ."

"அப்பொக் கொழந்தெக்கு யாரு பால் குடுப்பாங்க?"

"விதியில அது இல்லீங்க."

"விதியில என்னதான் இருக்குது?" என் குரல் உயர்ந்துவிட்டது. "இருபது வருசமா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்களே, அதுல ஒரு பொம்பளையும் கைக்கொழந்தையும் நுழையறாப்பல ஒரு சந்து கூடவா இல்லெ?"

திட்டுக்கு அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையை மெதுவாக இறக்கினார். மறுபடியும் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. திடீரென்று எழுந்து பீரோவைத் திறந்து, கறையான் அரித்த சிவப்பு அட்டைப் புஸ்தகம் ஒன்றை எடுத்தார்.

"இருக்குதுங்கம்மா." ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "ஜெயிலுக்குள்ள கொள்ளைநோய் வந்தா, கைதிகளெ வைக்கறதுக்குத் தற்காலிகமா வேற இடம் ஏற்பாடு பண்ணலாம். பண்ணோணும்னே இருக்குது." என்னை நிமிர்ந்து பார்த்தபோது அந்த வாடிய முகத்தில் ஒரு கல்யாணக் களை இருந்தது. "பெண்கள் அறையில அம்மை. அறையெக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடிக்கோணும். அதுவரைக்கும் பெண் கைதியெ எங்க வைக்கறது? ஏரிக்குப் பின்னால இருக்கிற கொட்டாயிதான் தற்காலிகப் பெண்கள் அறை. கைதி அங்கே இருக்கட்டும். கைதியோட கொழந்தெயும் அங்கெ இருக்கட்டும். பெண் வார்டரும் அங்கெ இருக்கட்டும். இந்தப் பக்கம் நான் தேர்வுக்குப் படிச்சதுங்க. ஒரு நாளும் வேலைக்கு ஆகல."

"மாஜிஸ்திரேட் ஒத்துக்குவாருங்களா?"

"நானா எழுதுனா ஒத்துக்கமாட்டாரு. விசிட்டர் புஸ்தகத்துல நீங்க எழுதுனா அதுக்கு அவரு பதில் எழுதிக் கலெக்டருக்கு அனுப்பியாகோணும்."

புஸ்தகத்தை எனக்கு முன்னால் விரித்தார். தை மாதத்தில் நான் எழுதியது மேலே இருந்தது. அதன் கீழேயே எழுதினேன். போன முறை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று முதல் வரியில் எழுதினேன். எட்டுப் பேருக்கான இடத்தில் பதினேழு பேர் இருப்பதை எழுதினேன். பெண்கள் அறையில் அம்மை கண்டிருப்பதையும், தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் தற்காலிக இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதையும், ஆண்கள் எல்லாருக்கும் இன்றே அம்மை குத்த வேண்டும் என்பதையும் எழுதினேன். சாலம்மாள் மறைத்ததை எழுதவில்லை. "பெண் வார்டர் குழந்தையை அக்கறையோடு கவனித்து வந்திருக்கிறாள்" என்று எழுதினேன். அது பொய்யல்ல. கையெழுத்து அன்று கோணிக்கொண்டு போயிற்று.

குமாஸ்தா புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக் கச்சேரிக்கு ஓடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி விசாரித்துக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கொட்டகைக்குப் பூட்டு இருக்கிறதா?" "இல்லீங்க, சாலம்மா இருக்கா" என்றாராம் இவர். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் டாக்டரும் அம்மை குத்துகிறவரும் வந்தார்கள். ஆண்கள் வரிசையில் நிற்க மறுத்தார்கள். "ஆத்தாளுக்கு எதிரா ஊசியா?" என்றார் ஒரு பெரியவர். "சாராயங் காய்ச்சறப்ப ஆத்தாளெக் கேட்டியா?" என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லாரும் சிரித்தார்களே தவிரக் கை நீட்டவில்லை. அப்போது தீர்த்தகிரி கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். சட்டையைச் சுருட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதல் ஆளாகக் கையை நீட்டினார். குத்தும்போது, "அய்யோ" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குக் கைதிகள் சிரித்த சிரிப்பில் பயம் போய்விட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. அதுவரை அவரை ஒரு பேனா தாங்கியாகத்தான் பார்த்திருந்தேன்.

ஆராயி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள். பார்க்கவில்லை. சாலம்மாள் பாயையும் பானையையும் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். போகிறபோது, "அம்மிணி, நாளைக்கு எளநி ரெண்டு அனுப்புங்க. குழம்பு வேண்டாம்" என்றாள். என்னை அப்படிக் கேலி செய்ய அவளுக்கு முழு உரிமை இருந்தது.

அடுத்த பதினெட்டு நாட்களில் ஒன்பது முறை கொட்டகைக்குப் போனேன். வேலிக்கு வெளியே நிற்பேன். இளநீரை வேலியோரம் வைப்பேன். சாலம்மாள் வந்து குழந்தையின் நிலையைச் சொல்லிவிட்டு எடுத்துப்போவாள். ஐந்தாம் நாள் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முத்து வந்திருக்கிறது என்றாள். ஏழாம் நாள் பால் குடிக்கவில்லை என்றாள். எட்டாம் நாளும் குடிக்கவில்லை. அன்று வீட்டில் கூடைக்காரி கொண்டுவந்த முருங்கைக்காயை நான் திருப்பியனுப்பினேன். எங்கள் வீட்டிலும் தாளிப்பு இல்லாமல் ஒரு வாரம் ஆகியிருந்தது. என் கணவர் சப்பென்ற சோற்றைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததற்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் சாலம்மாள் வேலிக்கு ஓடிவந்தாள். "குடிச்சுதுங்க! கடிக்குதுங்கறா அவ!" நான் ஏரிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி இறந்தபோது அழாத அழுகையை அங்கே அழுதேன். வீரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தூரமாகப் போய்விட்டான்.

ஆண்களில் ஒருவருக்கு மட்டும் அம்மை கண்டது; அந்தப் பெரியவருக்குத்தான். அவரும் தேறினார். நெருக்கத்தைப் பற்றி நான் எழுதியதற்குச் சேலத்திலிருந்து கேள்வி வந்து, ஆறு பேரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஆராயியின் வழக்கில், கொட்டகையில் இருந்த நாட்களும் காவலில் இருந்த நாட்கள்தான் என்று தீர்த்தகிரி செக்ஷனைக் காட்டினார்; அது பெண்கள் அறையல்லவா! அவள் காவலில் இருந்த நாட்களே தண்டனைக்குப் போதும் என்று மாஜிஸ்திரேட் அவளை விட்டுவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர். வேலியைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாவாயி சூரியனைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு கத்தினாள். உடம்பெல்லாம் வடு. கண் இரண்டும் தெளிவாக இருந்தன. ஆராயி அவளைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் புடிங்க. நானும் ஊத்திக்கறேன்."

வாங்கிக்கொண்டேன். கனமேயில்லை. என் கன்னத்தின் வடுக்களைப் பாவாயி ஈர விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு ஒன்றைப் பிய்க்கப் பார்த்தாள்.

ஆராயி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பண்ணாடிச்சிகிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னிக்கு நீங்க எந்திரிச்சு அந்தக் குமாஸ்தாகிட்டப் போனீங்கல்ல? அப்பொ, உங்க வாயி அழுகோணும், உங்க குடும்பம் நாசமாப் போகோணும்னு ஆத்தாகிட்டக் கேட்டேன். பேரெச் சொல்லித்தான் கேட்டேன்."

"ஆராயி!" என்று அதட்டினாள் சாலம்மாள்.

"இருக்கட்டும்" என்றேன். "இப்பொ?"

"இப்பொ, நான் கேட்டதெ உட்டுரு தாயின்னு சொல்லிப்போட்டேன். காலையில தண்ணி ஊத்தறதுக்கு முன்னாலெயே சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அவ காதுல உழுந்துச்சோ என்னமோ. கூட்டம் ஜாஸ்தி அவளுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், முன்பல் ஒன்று இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன். ஜெயிலில், வரிசையில், எழுந்து நின்று யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். நன்றி கேட்டுப் போன இடத்தில் இதைக் கொடுத்தாள். இதுதான் பெரிது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது.  குழந்தையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

"உங்கூரு எத்தனெ தூரம்?"

"ஏழு மைலுங்க. உச்சி வெயிலுக்கு முன்னால நடந்துருவேன்."

வண்டி ஏரிக்கரையில் நின்றது. பாவாயியை எடுத்துக்கொண்டு நடந்து, வைக்கோல் மெத்தையின் மேல் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இடம் விட்டேன். ஆராயி நின்றாள். வீரன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு மாட்டைப் பார்த்தான்.

"ஏறு" என்றேன் அவளிடம். "நீ ஏறுனாத்தான் இவளெக் குடுப்பேன்."

"கொழந்தெயெப் புடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசறீங்களே, இது என்ன நாயமுங்க?" என்றாள் ஆராயி. ஈரச் சீலையைப் பிழிந்துவிட்டு ஏறினாள்.